பாலனுக்கு ஒரு மஞ்சள் சட்டை

திண்டுக்கல் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்குக் கிறுக்கு என்று பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் அந்தப் பெயர் நான்கு பேருக்கு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிய கை ஈரம் காய்வதற்குள் ஆளுக்கொரு பையோடு கணக்கு டீச்சர் வீட்டு ஹாலில் கூடிவிடுவோம். மேலே ஃபேன் அனல் காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கும். மடியில் உல்லன் நூல், கழுத்தில் வியர்வை. "கொடைக்கானல்ல இருக்கவன் நிம்மதியா போத்திக்கிட்டுத் தூங்குறான். அவனுக்காக நீங்க இங்க வேத்து ஒழுகுறீங்க" என்பார் என் கணவர். அவருக்கும் ஒன்று பின்னிக் கொடுத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு போக ஒரு ஊரும் அவருக்கு வாய்க்கவில்லை.

கணக்கு டீச்சர் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர் வீட்டில்தான் மாமியார், பிள்ளை, பால்காரர் என்று யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்பதால் அங்கே கூடினோம். இரண்டாமவர் தோல் மண்டி வைத்திருந்த குடும்பத்து மருமகள். நாங்கள் அவரை லாத்தா என்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் ஒட்டன்சத்திரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்திருந்த சின்னப் பெண். அவளுடைய வீட்டுக்காரருக்குக் காய்கறி வியாபாரம். நாலாவது நான். ரெட்டியார்சத்திரத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர், கோபக்காரி, ஒரு இடத்தில் கால் தரிக்காதவள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. வாரம் முழுக்கப் பின்னியதைக் கொண்டுவந்து டீச்சருடைய எவர்சில்வர் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். வைத்ததும் மற்ற மூன்று பேரும் கேட்போம்: "யாருக்கு?" வைத்தவள் ஆளைச் சொல்ல வேண்டும். நாத்தனார் மகளுக்கு, மலையில் எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கும் தம்பிக்கு, ஆஸ்துமா இருக்கிற பெரியப்பாவுக்கு என்று யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும். "சும்மா பின்னுனேன்" என்று சொன்னால் லாத்தா விடமாட்டார். "சும்மா எவளாச்சும் கண்ணு வலிக்கப் பின்னுவாளா? ஆளச் சொல்லு புள்ள" என்று பிடித்துக்கொள்வார். ஆளைச் சொன்ன பிறகு டீச்சர் அதை எடுத்து முதல் காரியமாக உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். வெளிப்பக்கம் எல்லாருக்கும் அழகாகத்தான் வரும், செய்த தப்பெல்லாம் உள்ளேதான் இருக்கும் என்பது அவர் கட்சி. ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் விரல் வைத்துக் காட்டிவிடுவார். பிறகு ஒரே சொல்தான். "பிரி."

பிரித்துத்தான் ஆக வேண்டும். கெஞ்சினாலும் நடக்காது. அந்த ஹாலில் அதிகம் பிரித்தவள் நான். வேகமாகப் பின்னுவேன், பேசிக்கொண்டே பின்னுவேன், நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எந்த வரிசையில் விட்டோம் என்று தெரியாமலே தொடர்வேன். வாரா வாரம் திட்டிக்கொண்டே பிரிப்பேன்.

அந்தத் தாம்பாளத்தில் ஒருமுறை சின்னதாக இரண்டு வெள்ளை சாக்ஸ் வைத்தேன். அப்போது எனக்கு இரண்டாவது கர்ப்பம், ஐந்து மாதம். முதலாவது மூன்றாம் மாதமே கலைந்துபோயிருந்தது. "யாருக்கு?" என்றார்கள். "பொறக்கப்போற பிள்ளைக்கு" என்றேன், பெருமையாக. லாத்தா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும், எந்த மதத்திலும், பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கமாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் புதுசு போடமாட்டார்கள். வேறொரு பிள்ளை போட்டுக் கழித்த பழந்துணியைத்தான் போடுவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. படித்தவள், அதையெல்லாம் சட்டை செய்யக் கூடாது என்றிருந்தேன். டீச்சர் மட்டும் சாக்ஸைத் திருப்பிப் பார்த்து, "உள்ள சுத்தமா இருக்கு" என்றார்.

ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. கல்லறைக்கு எடுத்துப்போகும்போது என் மாமியார் அந்த சாக்ஸை அதன் காலில் போட்டு அனுப்பினார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னிவாடிக்காரர், பேச்சு குறைவு. ஆனால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது என் ஊசிகள், நூலுருண்டைகள் எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் ஏறியிருந்தன.

சாக்ஸ் பின்னியதால் பிள்ளை போகும் என்று நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று ஒரு நாளைக்குப் பலதடவை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்கடுத்த வருஷம் மூன்றாவது தங்கியது. டாக்டரம்மா, "பஸ்ஸு, படிக்கட்டு ரெண்டையும் மறந்துருங்க. படுக்கைதான்" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் பயம் வந்து மறுபடி படுப்பேன். ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். எட்டு மணி பஸ் ஹாரன் கேட்டால் பையைத் தேடக் கை போகும். அரிசி களைகிற தண்ணீர்ச் சத்தம்கூட யாரோ என்னை அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கும். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். அசைந்தால் சமாதானம் இரண்டு நிமிஷம் நிற்கும்.

"செத்த நேரம் ஒரு எடத்துல இரு தாயி" என்பார் மாமியார்.

"கைக்கு வேலை இல்லாம எப்பிடித்தே இருக்கறது? அந்தச் சாக்கை எறக்கித் தாங்க."

"செவமாலை சொல்லு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

சனிக்கிழமைக்கு மட்டும் அனுமதி இருந்தது. டீச்சர் வீடு நாலு வீடு தள்ளித்தான். படியும் கிடையாது. மாமியாரே கொண்டுவந்து விட்டு, வாசலில் நின்று, "சின்ன உருப்படி எதையும் இவ கையில குடுத்துராதீக டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் எனக்கு ஒரு மேசை விரிப்பைப் பின்னக் கொடுத்தார்கள். யாருடைய மேசைக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் ஆளைச் சொல்லவில்லை.

எல்லாம் மாறியிருந்ததை முதலில் அங்கேதான் கவனித்தேன். நான் வயிற்றோடு வரத் தொடங்கியதிலிருந்து அந்தத் தாம்பாளத்தில் மனிதர்களுக்கான பொருள் எதுவும் விழவில்லை. லாத்தா டெலிபோனுக்கு உறை போட்டார். ஒட்டன்சத்திரத்துப் பெண் டிவிக்கு உறை போட்டாள். அடுத்த வாரம் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு. டீச்சர் தன் மிக்ஸிக்கே ஒரு சட்டை பின்னி வைத்தார். "யாருக்கு?" என்று நான் ஒருத்திதான் கேட்பேன். "போனுக்கு" என்று லாத்தா பதில் சொல்லிவிட்டு வேறுபக்கம் பார்ப்பார். அந்த வருஷம் எங்கள் தெருவில் குளிரில் நடுங்கிய மின்சாதனம் ஒன்றுகூட இல்லை.

அதைவிட மோசம், என்னைப் பாராட்டத் தொடங்கியிருந்தார்கள். மேசை விரிப்பை நான் கோபத்தில் தாறுமாறாகப் பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு ஓரம் இறுகி, ஒரு ஓரம் தொங்கி, அது மேசைக்கல்ல, எதற்குமே ஆகாது. ஒட்டன்சத்திரத்துப் பெண் அதைத் தடவிப் பார்த்து, "ஏனுங்க்கா, எவ்வளவு அழகா வந்திருக்குதுங்க" என்றாள். டீச்சர் அதை வாங்கினார். உள்பக்கத்தைத் திருப்பவில்லை. மடித்து என் பையில் வைத்து, "நல்லா இருக்கு" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நோயாளியிடம் பேசுகிற குரல் அது. இந்தப் பிள்ளையும் நிற்காது என்று இவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள், அதனால்தான் என்னைப் பிரிக்கச் சொல்லக்கூட மனசு வரவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ஒன்றும் சொல்லாமல் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த மஞ்சள் நூல் என் கண்ணில் பட்டது. கார்த்திகை பிறந்திருந்தது. லாத்தா புர்காவைக் கழற்றி நாற்காலியில் போட்டபோது அதன் கைப்பகுதியில் ஒரு இழை ஒட்டியிருந்தது. மெல்லிய, மெத்தென்ற, இளமஞ்சள் நூல். பெரியவர்களுக்குப் போடுகிற நூல் அல்ல. அடுத்த வாரம் அதே மஞ்சளில் ஒரு முனை ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அவள் அதைச் சட்டென்று உள்ளே தள்ளினாள். அதற்கடுத்த வாரம் டீச்சர் வீட்டு சோபா இடுக்கில் அதே மஞ்சள். என் விரலில் சுற்றிப் பார்த்தேன். குழந்தை நூல்தான்.

ஒரு வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. யாருக்கு? யாருக்கு? படுத்தாலும் அதே கேள்வி. ஒட்டன்சத்திரத்துப் பெண்தான் முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது, நேரமும் சரிதான். நான் வருத்தப்படுவேன் என்று மறைக்கிறார்கள். அவள் பிள்ளைக்குத் தைரியமாகப் பின்னுகிறார்கள், என் பிள்ளைக்குப் பின்னப் பயப்படுகிறார்கள். இதை நினைக்க நினைக்க எனக்கு ரத்தம் கொதித்தது. சனிக்கிழமை எப்போது வரும் என்று காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"யாருக்கு அந்த மஞ்சள்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்கு ஒரு விஷயம் புரிந்துபோனது. டீச்சருக்கு லாத்தாவின் மஞ்சள் தெரியாது. லாத்தாவுக்கு ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் மஞ்சள் தெரியாது. ஒவ்வொருத்தரும் தான் ஒருத்திதான் பின்னுவதாக நினைத்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத நிறமாகப் பார்த்து, ஒரே கடையில் ஒரே நூலை வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் ஊரில் என்ன விசேஷம் என்று குழம்பியிருப்பார்.

"எந்த மஞ்சளுங்க?" என்றாள் ஒட்டன்சத்திரத்துப் பெண், பையைப் பின்னால் தள்ளிக்கொண்டே.

"டீ கெட்டிலுக்கு உறை" என்றார் டீச்சர். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவர். அவர் வீட்டில் கெட்டிலே கிடையாது.

"எங்கிட்ட மறைக்காதீக. பச்சைப்பிள்ளை நூல் அது. யாருக்குன்னு சொல்லுங்க. ஆளச் சொல்லாம இந்த வீட்டுல யாரும் எதுவும் பின்னுனது இல்லை."

அப்போது லாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சமும் கண் இமைக்காமல் சொன்னார்:

"பாலனுக்கு."

"எந்தப் பாலனுக்கு?"

"ஒங்க கோயில்ல கிறிஸ்மஸுக்குக் குடில்ல வைப்பாங்கள்ல, அந்தப் புள்ளைக்கு. மார்கழிக் குளிர்ல ஒரு முழத் துணியச் சுத்தி வைக்கோல்ல கெடக்குது. வருசா வருசம் பாக்குறேன், எனக்கு மனசு கேக்கல."

வேதக்காரிகள் நானும் டீச்சரும் இருக்கும்போது பாலன் இயேசுவுக்குச் சட்டை பின்ன லாத்தா முன்வந்துவிட்டார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது, சிரிப்பா வெட்கமா தெரியவில்லை. "ஆமா, பாலனுக்குத்தான்" என்றார். ஒட்டன்சத்திரத்துப் பெண்ணும், "ஆமாங்க, சாமிக்குத்தானுங்க" என்று சேர்ந்துகொண்டாள்.

நான் உட்கார்ந்தேன். யாருக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர்கள் சொன்ன பொய்யை நான் நம்பிய மாதிரி இருந்துகொண்டேன். என் பிள்ளைக்கு மூன்று பேர் பின்னியிருக்கிறார்கள். சொன்னால் ஆகாது என்று சொல்லாமலே பின்னியிருக்கிறார்கள்.

"அப்ப மிச்ச நூலை எங்கிட்ட குடுங்க. பாலனுக்கு நான் பின்றேன்" என்றேன்.

யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஆளைச் சொல்லிவிட்டேன். மூன்று பைகளிலிருந்தும் மூன்று மஞ்சள் உருண்டைகள் தாம்பாளத்துக்கு வந்தன.

அளவு வேண்டுமே. டீச்சரும் லாத்தாவும் கோயிலுக்குப் போனார்கள். உபதேசியார் அலமாரியைத் திறந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பாலன் சுரூபத்தை எடுத்துக் கொடுத்தாராம். டீச்சர் ஒரு நூலால் நெஞ்சையும் கையையும் அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். அந்த நூலை என் கையில் வைத்துப் பார்த்தபோது சின்னதாக இருந்தது. பாலன் ஒரு கையை ஆசீர்வாதமாகத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையை விரித்துக்கொண்டு கிடப்பவர். சாந்தில் செய்த கை மடங்காது. தலை வழியாக மாட்டினால் விரல் உடைந்துவிடும். அதனால் சட்டை முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், கையை நுழைத்துவிட்டுப் பின்னால் முடிய நாடா வேண்டும் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

வீட்டில் வைத்துப் பின்ன மாமியாரிடம் கேட்டேன். அவர் மஞ்சள் நூலைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார். எங்கள் கூட்டத்துக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சுரீரென்றது.

"பாலனுக்குத்தே. குடில்ல போட."

ஞாயிறு பூசை தவறாதவர், பாலனுக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து சாக்கை இறக்கித் தந்தார்.

அந்தச் சட்டையை நான் பின்னிய மாதிரி வேறெதையும் பின்னியதில்லை. அதற்காகப் பொறுமை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு வரிசை முடிந்ததும் எழுந்து நடப்பேன், திரும்பி வருவேன். பிள்ளை உதைத்தால் நிறுத்திவிடுவேன், உதைக்காவிட்டால் இன்னும் பயந்து நிறுத்திவிடுவேன். பாலனுக்கு, பாலனுக்கு என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சொல்லாமல் விட்டால் கை வேறொரு பிள்ளைக்குப் பின்ன ஆரம்பித்துவிடும் என்று பயம். சட்டையோடு சேர்த்து ஒரு குல்லாவும் முடித்தேன். தாம்பாளத்தில் வைத்தபோது டீச்சர் அதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். வைக்கோலில் மஞ்சள் சட்டையும் குல்லாவுமாகப் பாலன் கிடந்தார். பக்கத்திலிருந்த மாட்டுக்கும் கழுதைக்கும் அது கொஞ்சம் ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும். மாமியார் குனிந்து உற்றுப் பார்த்து, "கழுத்து கொஞ்சம் இறுக்கம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை எனக்கு இடுப்பு வலி எடுத்தது. நாள் ஆகவில்லை. நாள் ஆக ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆட்டோவில் போகும்போது நான் யார் கையையோ பிடித்திருந்தேன், மாமியாரா கணவரா நினைவில்லை. "இதுவும் போகப்போகுது" என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னை அதட்டவில்லை. அன்று சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. அழுதது. பூனைக்குட்டி கத்துகிற அளவுதான் சத்தம், ஆனால் அழுதது. உடனே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை ஓடவில்லை. கட்டிலுக்கும் அந்த அறைக் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நர்ஸம்மா திட்டுவார், வந்து உட்காருவேன், அவர் தலை மறைந்ததும் எழுவேன். வருஷம் பிறந்த மறுநாள் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். "மூச்சு நல்லா இருக்கு. எடைதான் இல்ல. சூடு இறங்காமப் பாத்துக்கணும். தலைய மூடியே வைங்க, மேல கம்பளி போடுங்க" என்றார் நர்ஸம்மா.

அன்று மத்தியானம் மூன்று பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு பை. இம்முறை யாரும் மறைக்கவில்லை. மூன்று மஞ்சள் சட்டைகள் கட்டிலில் விழுந்தன. நல்ல பிள்ளைக்கு, நாள் முடிந்து கொழுகொழுவென்று பிறக்கிற பிள்ளைக்குப் பின்னியவை. என் மகளை அதில் வைத்தால் கழுத்து வழியாகவே வெளியே வந்துவிடுவாள். ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒரு சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப் பெருசாப் போட்டுட்டனுங்களே" என்று அழுதாள்.

"பெருசு சிறுசு இருக்கட்டும். புதுசு ஆகாது" என்றார் மாமியார்.

எனக்கு வந்த கோபத்தில் பிள்ளை கையில் இல்லாவிட்டால் எதையாவது எடுத்து எறிந்திருப்பேன். "குளிருதுத்தே! பிள்ளைக்குக் குளிருது! இப்பவும் புதுசு பழசுன்னு பேசுறீகளே" என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அழத்தான் போகிறார், போகட்டும் என்று நினைத்தேன். நான் பிள்ளையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு என் சேலையை மேலே இழுத்துப் போர்த்தினேன். அதன் உள்ளங்கால் சில்லென்று என் வயிற்றில் பட்டது.

ஒரு மணி நேரம் இருக்கும். மாமியார் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. மடியிலிருந்து எடுத்து நீட்டினார். மஞ்சள் சட்டை, மஞ்சள் குல்லா. ஒரு வைக்கோல் துரும்பு குல்லாவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"புதுசு இல்ல. ஒரு புள்ள போட்டதுதான்" என்றார்.

டீச்சர் பிள்ளையை வாங்கினார். முதுகு திறந்த சட்டை என்பதால் அதன் சின்னக் கைகளை மடக்க வேண்டியிருக்கவில்லை, முன்னாலிருந்து நுழைத்துப் பின்னால் நாடாவை முடிந்தார். அளவெடுத்துப் பின்னிய மாதிரி உட்கார்ந்தது. கழுத்து இறுக்கமில்லை. மாமியார் குல்லாவை மாட்டி, நெற்றியில் சிலுவை போட்டார். போடும்போது அவர் விரல் நடுங்கியதைப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் பயம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாத்தா புர்கா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது சரிம்மா, அங்க அந்தப் புள்ள சும்மாவா கெடக்கு?"

"எந் துண்டைப் போத்திட்டு வந்திருக்கேன்."

"துண்டு எம்புட்டுத் தாங்கும்?" லாத்தா தன் சட்டையை எடுத்து மாமியார் கையில் வைத்தார். "போகையில இத அதுக்கு மாட்டி விடுங்க. ஒரு நா போட்டாப் பழசுதான? இவ வளந்ததும் இவளுக்கு ஆகும்."

மாமியார் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அப்படியே நடந்தது. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் குடிலைப் பிரிக்கும்வரை பாலன் தினம் ஒரு சட்டை மாற்றினார். லாத்தாவின் சட்டைக்குள் முங்கிப்போய் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தாராம். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டாராம். பங்குச் சாமியார் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாராம். மூன்று சட்டைகளும் முறைப்படி பழசாகி வீடு வந்து சேர்ந்தன. என் மகள் ஒவ்வொன்றையும் நிரப்ப நிரப்ப நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெயில் ஏறிய பிறகுதான் நான் மறுபடி சனிக்கிழமைக்குப் போனேன். பங்குனி மாதம். பிள்ளையை லாத்தா வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். என் பையில் சாக்ஸ் ஒரு ஜோடி இருந்தது. வெள்ளை. வீட்டில் மாமியார் கண்முன்னாலேயே உட்கார்ந்து பின்னியது. அதைத் தாம்பாளத்தில் வைக்கக் கை வரவில்லை. தண்ணீர் குடித்தேன். ஃபேனைக் கூட்டி வைத்தேன். லாத்தாவிடமிருந்து பிள்ளையை வாங்கி, திருப்பிக் கொடுத்தேன்.

"உக்காருங்க்கா" என்றாள் ஒட்டன்சத்திரத்துப் பெண்.

உட்கார்ந்தேன். வைத்தேன்.

"யாருக்கு?" என்று மூன்று பேரும் கேட்டார்கள், பழையபடி, ஒரே குரலில்.

"என் மகளுக்கு" என்றேன்.

டீச்சர் ஒரு சாக்ஸைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். உள்பக்கத்தைத் திருப்பினார். குதிகால் திரும்புகிற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இங்க ஒரு கண்ணி விட்டிருக்க" என்றார். "பிரி."

நான் பிரித்தேன்.